அந்த அக்கா ஏன் வரவில்லை?

தன்னார்வலர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று எங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சொன்னதில் எனக்கு அப்போதும் மறுப்பு இல்லை, இப்போதும் இல்லை. வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையங்களில், ஒரே களப்பணியாளர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இயற்கணிதமும் ஒரே நேரத்தில் சொல்லித் தருவது பெருமையாக வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய நிலைமை அல்ல. ஆள் தேவைதான். பணியாளர்களை முடுக்கிவிடுவதற்காக நான் கூட்டிய மாதக் கூட்டத்தில், எங்கள் மூத்த களப்பணியாளர் ஒருவருக்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

திட்டம் ஒன்றும் புதிதல்ல. ஒவ்வொரு மையமும் காலாண்டுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும். இலக்கை எட்டியவருக்குச் சிறு ஊக்கத்தொகை. ஆள் கிடைக்கும் இடங்களும் அருகிலேயே இருந்தன: வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும் என்பதால், நாம் கேட்பதற்கு முன்பே அவர்களுக்கும் ஓர் இடம் தேவைப்படுகிறது என்று விளக்கினேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அந்த மூத்த களப்பணியாளர் அக்கா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"ஆள் இட்டுனு வர்றது பெரிய விசயம் இல்ல சார். மணிக்கணக்கு முடிஞ்சதும் சர்டிபிகேட்ட வாங்கினு அவங்க போயிடுவாங்க. அந்த அக்கா ஏன் வரலன்னு புள்ளைங்க உங்களாண்டயா கேக்குது? என்னாண்டதான் கேக்குது."

"ஆளே இல்லாம சென்டரை மூடிட்டா, அப்போ யார்கிட்டக்கா கேக்கும்?" என்றேன் நான்.

அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டீ வந்தது, குடித்துக்கொண்டே ஒவ்வொருவரும் தங்கள் மையத்துக்கான எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவரும் எழுதினார்.

நான் சொன்னது பொய் அல்ல. எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் தன்னார்வலர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது; அவர்கள் எத்தனை மாதம் நீடித்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. முதல் கட்டம் காலியாகப் போனால் அடுத்த ஆண்டு ஒரு மையம் குறையலாம் என்பதை மறைப்பதைவிடச் சொல்வதே நேர்மை என்று என்னால் இன்றும் வாதிட முடியும். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்டுதோறும் மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறவர்கள் (நானும் அப்படித்தான், ஆனால் கூட்டத்தை நடத்துகிறவனைப் பார்த்தால் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை). ஊக்கத்தொகை செய்யாத வேலையை என்னுடைய அந்த ஒரு கேள்வி செய்து முடித்தது. எதனால் செய்தது என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்ததையும் சொல்ல வேண்டும். தான் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்ய ஆள் வந்தால் நாளை தன் இடம் என்னாகும் என்று பயப்படுகிறார், அதைப் பிள்ளைகளின் பெயரால் சொல்கிறார் என்றே நினைத்தேன். அந்தப் பயம் அவருக்குச் சிறிதளவாவது இருந்திருக்கலாம். இருந்தாலும் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்பது பிறகுதான் உறைத்தது. அதுகூட என் யோசனையால் அல்ல, அவருடைய மையத்தில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கணக்கு நோட்டைப் புரட்டியதால். பின்னக் கூட்டலில் பகுதி எண்களை மட்டும் சமமாக்கிவிட்டு, பக்கம் பக்கமாக விடை எழுதாமல் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த அக்கா வந்து மேல போட சொல்லித் தரேன்னாங்க" என்றாள். அவள் சொன்ன அக்கா ஒரு கல்லூரித் தன்னார்வலர்; தேர்வுக்காகப் போனவர், அதன்பின் வரவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிப் பருவத் தேர்வு நவம்பரில் வருகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு அரையாண்டு டிசம்பரில். பிள்ளைகளுக்கு ஆள் மிகவும் வேண்டியிருக்கும் வாரங்களில்தான் தன்னார்வலர்கள் தங்கள் புத்தகத்தோடு உட்கார வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில் பெய்து, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால், சுற்றிக்கொண்டு வா என்று சம்பளம் இல்லாதவரிடம் எந்த வாயால் சொல்வது?

அன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது களப்பணியாளர் அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார். கூட்டத்துக்குள் என்னை சார் என்று அழைப்பவர், வெளியே வந்தால் தம்பி என்பார். "எங்களுக்குக் குடுக்கறேன்னியே அந்தக் காசு, அத எங்க தெருப் பொண்ணுங்களுக்குக் குடு தம்பி. பிளஸ் டூ முடிச்சிட்டு வூட்ல சும்மாதான் இருக்குதுங்க. அதுங்க எங்கயும் போவாது." 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அரசு செய்தது ஏறக்குறைய இதைத்தான்: உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. எங்கள் வரவுசெலவில் பணியாளர் ஊக்கத்துக்குத் தலைப்பு இருக்கிறது, தன்னார்வலருக்குப் பணம் கொடுக்கத் தலைப்பு இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். அன்று நான் சொன்னது எல்லாமே உண்மையாக இருந்ததுதான் எனக்கு நிம்மதி தராமல் இருக்கிறது.

எண்ணிக்கை வந்து சேர்ந்தது. அவரும் தாளில் எழுதிய எண்ணுக்குக் கூடாமலும் குறையாமலும் ஆள் சேர்த்தார். ஊக்கத்தொகைப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், நானும் "போட்டுவிடுவார்" என்று சொல்லிவருகிறேன். தன்னார்வலர் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எந்தத் தேதி வரை வர இயலும், கடைசி நாளில் பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுச் செல்ல ஒப்புக்கொள்கிறீர்களா? அந்த வரியைப் படித்துவிட்டுச் சில மாணவர்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளை அக்கறையோடு நினைத்துப் பின்வாங்கினார்களா, இல்லை இவ்வளவு தொல்லை எதற்கு என்று போனார்களா, எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எப்படியானாலும் எண்ணிக்கை குறைகிறது. அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் புதிய இலக்கை நான்தான் அறிவிக்க வேண்டும். அந்த அக்கா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், மையம் மூடப்படலாம் என்ற செய்தி அன்றைக்கும் உண்மையாகத்தான் இருக்கப்போகிறது. அதைச் சொல்வதா, விடுவதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.