காமிக்ஸுக்கும் பட்டப்படிப்பு உண்டு, அக்கா!

அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, காமிக்ஸ் வரையத்தான் படிப்பேன் என்கிறாள். அக்காவுக்குத் தலை சுற்றுகிறது, எனக்கோ ஒரே சந்தோஷம். 1908இல் பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை கேலிச்சித்திரங்களோடு வெளிவந்த ஊர் இது. புதுச்சேரிப் பெண்ணுக்கு இந்த ஆசை வரக்கூடாதா என்ன?

ஜப்பானில் கியோட்டோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006இல் மாங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. பிரான்சின் அங்குலேம் நகரில் காமிக்ஸில் முதுகலையே படிக்கலாம். சரி, அதெல்லாம் அப்புறம். முதலில் இங்கேயே, புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலைப் பட்டம் படி என்றேன். மனித உடலைப் பார்த்து வரைந்து கை பழகாமல் சூப்பர் ஹீரோ நிற்கமாட்டான்.

அவள் காட்டிய பக்கங்களில் படம் அருமை. வசனம்தான் இடிக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். வசனம் எழுதும் பலூன், படக் கட்டத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு ஆட்களை வரையச் சொன்னேன். முறைத்தாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே எதைக் காட்டாமல் விடுவது என்பது இதைவிடக் கஷ்டம், அதை இன்னும் சொல்லவில்லை.

பல்கலைக்கூடத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்க வேண்டும். அக்காவிடம் பேசவும் ஆள் வேண்டும்.