மியூச்சுவல் டைவர்ஸ் முடிஞ்சது, எங்க வக்கீல் மேடம் பத்தி எழுதணும்னு தோணுச்சு

சென்னை ஃபேமிலி கோர்ட்ல எங்க கேஸ் முடிஞ்சு இப்பதான் ஆர்டர் கைக்கு வந்துச்சு. இதே நிலைமையில இருக்கிற யாருக்காவது உதவும்னு எழுதுறேன், முக்கியமா எங்க வக்கீல் மேடம் வேலை பாத்த விதத்தைச் சொல்லணும்.

முப்பது வருஷத்துக்கு மேல குடும்ப வழக்கு மட்டுமே பாக்குறவங்க. அவங்க பிராக்டீஸுக்கு வந்த காலத்துல குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவுல ஜீவனாம்சம் கேட்டா சட்டத்துல உச்சவரம்பே மாசம் 500 ரூபாதான், 2001லதான் அந்த வரம்பை எடுத்தாங்க. அந்த 500க்கே வாய்தா வாய்தாவா அலைஞ்ச பொம்பளைங்களுக்கு நின்னவங்க, அதனாலயோ என்னவோ வாய்ப்பேச்சுல எதையும் விடவே மாட்டாங்க, எல்லாம் எழுத்துல வரணும்.

முதல் நாள் எங்க சித்தப்பா கூட வந்து "498ஏ போடுங்க மேடம், அப்பதான் அவன் வழிக்கு வருவான்"னாரு, அதாவது புருஷன் கொடுமைப்படுத்தினான்னு போடுற கிரிமினல் கேஸ். "அடிச்சிருந்தா இன்னைக்கே ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன் சார், நடக்காததை நான் எழுதித் தர மாட்டேன்"னு சொல்லிட்டு என்னைப் பாத்து "நடந்ததை மட்டும் தேதியோட எழுதிக் குடும்மா"ன்னாங்க. எனக்கு அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு.

டைவர்ஸ் மனு போட்டோம், அந்தப் பக்கம் சேர்ந்து வாழணும்னு ஒரு மனு போட்டாங்க, கவுன்சிலிங் அனுப்பினாங்க, அங்க ஒண்ணும் ஆகல. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டப்பதான் விஷயம் நகர்ந்துச்சு. ரஜ்னேஷ் எதிர் நேஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2020ல சொன்னபடி ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா தாக்கல் பண்ணணும். மேடம் முதல்ல என்னோடதைத்தான் உக்காந்து துருவினாங்க, பிஎஃப், நகைச்சீட்டு, அம்மா பேர்ல சேர்ந்து போட்ட எஃப்டி வரைக்கும். "நீ ஒண்ணை மறைச்சா அவர் மறைச்சதை நான் எந்த முகத்தோட கேக்குறது?" அவர் அஃபிடவிட் வந்த அப்புறம் அவங்க வக்கீலே பேசி முடிச்சுக்கலாம்னு வந்தாரு, அப்படித்தான் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல வர்ற மியூச்சுவலுக்கு, அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுக்கு, மாறினோம்.

ஒப்பந்தம் எழுதுறப்பதான் அனுபவம்னா என்னன்னு புரிஞ்சது. "அப்பா குழந்தையைப் பாக்கலாம்"னு ஒரு வரி எழுதி முடிக்கிறவங்க நிறைய பேர். இவங்க எழுதினது: எந்தெந்த சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, யார் வந்து கூட்டிட்டுப் போறது, பாப்பாவுக்கு காய்ச்சல்னா மாத்து நாள் எது, தீபாவளி ஒரு வருஷம் இங்க ஒரு வருஷம் அங்க, கோடை லீவ் பாதிப்பாதி. ஸ்கூல் ஃபீஸ் என் கைக்கு வராம நேரா ஸ்கூலுக்கே கட்டணும், மாசப்பணம் வருஷா வருஷம் ஏறணும், பாஸ்போர்ட்டுக்கு கையெழுத்து கேட்டா எத்தனை நாளுக்குள்ள போடணும்னு கூட ஒரு வரி இருக்கு, நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். சீர் பாத்திரம் லிஸ்ட்ல வெண்கலப் பானை வரைக்கும் வந்துச்சு. சின்ன விஷயம்தானேன்னு கேட்டேன், "இதுக்குத்தாம்மா தீர்ப்பு வந்த அப்புறமும் திரும்ப வராங்க"ன்னாங்க.

ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தாதான் 13பி போட முடியும், போட்ட அப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும். ஆனா நாங்க ரெண்டு வருஷத்துக்கு மேல தனித்தனியா இருந்தோம், பணம் குழந்தை எல்லாம் பேசி முடிஞ்சிருந்துச்சு, அதனால 2017ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த அமர்தீப் சிங் தீர்ப்பைக் காட்டி அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மனு போட்டாங்க, ஜட்ஜ் ஏத்துக்கிட்டாங்க. எல்லா கேஸ்லயும் இது கிடைக்காது, ஏதாவது பாக்கி இருந்தா கோர்ட் ஒத்துக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

செட்டில்மென்ட் பணத்துல பாதி முதல்லயே வாங்கியாச்சு, மீதி கடைசி நாள் ஜட்ஜ் முன்னாடி டிடியா. மேடம் அதை வாங்கி பேரு, தொகை, தேதி மூணையும் விரல் வச்சு படிச்சுப் பாத்துட்டுதான் எனக்குத் தலையாட்டினாங்க, அப்புறம்தான் "யாரும் வற்புறுத்தலையே"ன்னு ஜட்ஜ் கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன்.

இப்ப மியூச்சுவல் போடப் போறவங்க வக்கீல்கிட்ட முதல்ல ஒப்பந்த டிராஃப்ட்டைக் கேட்டு வாங்கி வீட்ல வச்சு நிதானமா படிங்க. ஆர்டர் வந்ததும் சர்டிஃபைடு காப்பி கூடுதலா ஒரு செட் வாங்கிடுங்க, பாஸ்போர்ட்ல இருந்து பேங்க் வரைக்கும் கேப்பாங்க.