படகை மணலில் ஏற்றாமல் கரையோரம் நிறுத்துவது

சின்ன ஃபைபர் படகை மணலில் ஏற்றி நிறுத்துவதைவிட, முழங்கால் ஆழத் தண்ணீரில் இரண்டு நங்கூரங்களுக்கு நடுவே மிதக்க விடுவது நல்லது. ஃபைபரின் மேல் வழவழப்பாக இருக்கும் பூச்சுதான் ஜெல்கோட். அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஈர மணல் அதற்கு உப்புத்தாள் மாதிரி. ஏற்றும்போது விழும் கீறலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நின்ற பிறகு நடப்பதுதான் மோசம்: தூரத்தில் ஏதோ படகு போகும், அதன் அலை வந்து நம் படகைத் தூக்கி அதே இடத்தில் தொப்பென்று போடும், திரும்பத் திரும்ப. ஜெல்கோட் தேய்ந்து ஃபைபர் தெரிந்துவிட்டால் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும்.

கரையில் அலை உடைகிறதா என்று முதலில் பாருங்கள். உடைந்தால் வேறு இடம் தேடுங்கள். பின்பக்கம் தாழ்வான படகில் இரண்டு அலை ஏறினாலே போதும், உள்ளே குளம் கட்டிவிடும்.

படகின் பின்பக்க நங்கூரத்தைக் கரைக்கு வெகு முன்பே இறக்க வேண்டும். கயிற்றின் நீளத்துக்குக் கணக்கு இதுதான்: தண்ணீரின் ஆழம், தண்ணீரிலிருந்து கயிறு கட்டும் கொக்கி வரை உள்ள உயரம், இனி ஏறப்போகும் ஓதம் (கடல் மட்டம் உயரும் அளவு), மூன்றையும் கூட்டி 5 முதல் 7 மடங்கு. ஆழம் 2 மீட்டர், உயரம் 1 மீட்டர், ஓதம் 1 மீட்டர் என்றால் 20 முதல் 28 மீட்டர் கயிறு. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி இருந்தால்தான் இழுவை தரையோடு படுத்து வரும். இல்லாவிட்டால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். மணலுக்குத் தட்டையான இரட்டை அலகு நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். கயிறு நைலானாக இருக்கட்டும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும், நேராகப் போய் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

நங்கூரம் இறங்கியதும் ஒருவர் கயிற்றைத் தளரவிடாமல் விட்டுக்கொண்டே வர, படகு மெல்ல ஊர்ந்து போகட்டும். பாதி வழியில் கயிற்றை ஒரு தடவை இறுக்கிப் பிடித்து, நங்கூரம் கடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆழம் குறையக் குறைய, பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினை உயர்த்துங்கள். ஆனால் தண்ணீர் உறிஞ்சும் துளை மூழ்கியே இருக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் வந்ததும் இன்ஜினை அணைத்து முழுக்கத் தூக்கிவிடுங்கள். அதற்கு மேலும் ஓட்டினால் கலங்கிய மணலை உறிஞ்சி, இன்ஜினைக் குளிர்விக்கும் பம்பின் இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) தேய்ந்துபோகும்.

படகு நின்ற பிறகே இறங்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில். ஓடும் படகின் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) முன்னால் குதிப்பவர் படகுக்கு அடியில் போய்விடலாம். முன் நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறி, தண்ணீர் எட்டாத இடத்தில் புதைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் சரிசெய்து படகை முழங்கால் ஆழத்தில் நிறுத்திக் கட்டுங்கள்.

கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே பெரும்பாலான இடங்களில் ஆறு மணி நேரம் சொச்சம். வற்றும் நேரம் என்றால் அடிக்கடி பின் கயிற்றை இழுத்து, முன் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அசந்தால் படகு தரைதட்டும். அடியில் ஒரு கல் இருந்தால் மொத்த எடையும் அதன் மேல்தான்.

வீடு திரும்பியதும் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் கீறல் ஆழம். ஃபைபர் தெரிகிறதென்றால் நன்றாகக் காய்ந்த பிறகே அடைக்க வேண்டும். மேலே ஜெல்கோட் பூசப்போகிறீர்கள் என்றால் பாலியெஸ்டர் பட்டியே வையுங்கள். எபாக்ஸி பட்டி மேல் ஜெல்கோட் சரியாக ஒட்டாது.