சின்ஆர்த்ரோசிஸ்: சொல்லைப் பிரித்துப் படியுங்கள்

முதலாமாண்டு பிசியோதெரபி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மேடம் மண்டையோட்டைக் கையில் கொடுத்து, அதன் எலும்புகள் சேரும் கோட்டைக் காட்டினார். "இது என்ன வகை மூட்டு?" "சின்ஆர்த்ரோசிஸ் மேடம், அசையா மூட்டு." "அந்தச் சொல்லில் 'அசையா' எங்கே இருக்கிறது?" நான் அப்படியே நின்றேன்.

அன்று மாலை கோத்தகிரி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதும் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. தேடிப் பார்த்தால், உண்மையிலேயே அதில் 'அசையா' இல்லை. கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. ஆர்த்ரைட்டிஸில் வருவதும் இதே ஆர்த்ரான்தான். ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டியது, அவ்வளவுதான் பொருள். பூட்டிவிட்டால் அசைவு ஏது? 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் அசையும் மூட்டை டயார்த்ரோசிஸ் என்றும், இதைச் சின்ஆர்த்ரோசிஸ் என்றும் பிரித்து எழுதிவிட்டார்.

இதன் உள்வகைகளை எனக்குப் புரிய வைத்தது அம்மாவின் தையல் மெஷின். மண்டையோட்டு எலும்புகள் சேரும் மூட்டுக்குப் பெயர் 'சூச்சர்', லத்தீனில் தையல். கிழிந்த கம்பளியின் இரண்டு ஓரங்களையும் நெருக்கிப் பிடித்து அம்மா வளைத்து வளைத்துத் தைப்பார். மண்டையோட்டின் பின்புறம் லாம்டாய்டு என்ற சூச்சர் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், அதே நெளிவு தட்டுப்படும். அக்கா குழந்தையின் உச்சிக்குழியில் துடிப்பு தெரிகிறதே, அங்கே தையல் இன்னும் முடியவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். 'காம்ஃபோசிஸ்' என்பதில் உள்ள 'காம்ஃபோஸ்' ஆணி. தாடையில் பல் இறங்கியிருக்கும் விதம் அதுதான்.

சரி, பலர் மதிப்பெண் இழக்கும் இடத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் 'நாரிணைப்பு மூட்டு என்றால் அசையா மூட்டு' என்று படித்ததை அப்படியே எழுதிவிடாதீர்கள். நாரிணைப்பு, குருத்தெலும்பு என்பவை எதனால் இணைந்திருக்கிறது என்பதைச் சொல்பவை. சின்ஆர்த்ரோசிஸ் எவ்வளவு அசைகிறது என்பதைச் சொல்வது. இரண்டும் வேறு வேறு கணக்கு. முதல் விலா எலும்பு மார்பெலும்போடு சேருமிடம் குருத்தெலும்பு, ஆனாலும் அசையாது. கணுக்காலுக்குச் சற்று மேலே முழங்காலுக்குக் கீழுள்ள இரு எலும்புகளான டிபியாவும் ஃபிபுலாவும் சேருமிடம் நாரிணைப்பு, ஆனால் கொஞ்சம் இடம் கொடுக்கும். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீட்டு மேட்டில் ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடிகிறதே, ஒவ்வோர் அடிக்கும் அங்கே மயிரிழை அளவு விரிந்து கொடுக்கிறது.