பின் கேட்டில் ஓடும் பழைய பெட்டி

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே எடை மேடையோடு இணைந்த கணினிக்கு, நாங்கள் எழுதிய லினக்ஸ் டிரைவர், அதாவது எடைக் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டைமர் ஓடி, கார்டிலிருந்து எடையைப் படித்து வைக்கும். ஆறு வருஷம் ஒரு புகாரும் இல்லை. கணினியை இரண்டு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு சிபியு) உள்ளதாக மாற்றினார்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படியே உறைந்தது.

உறைந்தால் வண்டி மேடையிலேயே நிற்கும். பின்னால் எண்ணூர் சாலை வரை டிரெய்லர்கள். "இன்னா சார், பொட்டி மறுபடி படுத்துக்கிச்சா?" என்று ஒரு லாரி டிரைவர் அண்ணன் கேட்பார். ஹார்டுவேரைச் சந்தேகித்தோம், கரண்டைச் சந்தேகித்தோம், உப்புக் காற்றைக்கூடச் சந்தேகித்தோம். கடைசியில் சீரியல் கேபிளைப் போட்டுப் பதிவுகளை எடுத்தபோதுதான், ஒரு சிபியு 22 விநாடியாகச் சிக்கிக் கிடக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலே சொன்னது.

தண்டையார்பேட்டை அலுவலகத்தில் லாக்டெப்பை, அதாவது லாக்குகளை (பூட்டுகளை) எடுக்கும் முறையில் தவறு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, போட்டு கெர்னலைக் கட்டினேன். 2006லேயே கெர்னலுக்குள் வந்துவிட்ட சோதனை அது. வேகம் குறையும் என்று நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. டீ வருவதற்குள் முதல் புகாரைக் கொட்டிவிட்டது. எடையைக் கேட்கும் புரோகிராமுக்காக டிரைவர் சாதாரண ஸ்பின்லாக் எடுக்கிறது: ஒரே தகவலை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு, கிடைக்காதவர் சுற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அதே சிபியுவில் நடுவே டைமர் குறுக்கிட்டு அதே லாக்கைக் கேட்கிறது. லாக்கை விட வேண்டிய வேலை டைமருக்கு அடியில் கிடக்கிறது. டைமரோ லாக்குக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லாக் எடுக்கும்போதே, டைமர் குறுக்கிடும் வழியான சாப்ட்ஐஆர்க்யூவை நிறுத்தி வைக்கும் வகைக்கு மாற்றியதும் அது தீர்ந்தது.

இரண்டாவது புகாரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டிரைவரை மூடும் இடத்தில், லாக்கைப் பிடித்தபடியே, ஓடும் டைமர் முடியும் வரை காத்திருந்து அதை நீக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தோம். அடுத்த கோரில் அந்த டைமர் இதே லாக்குக்காகக் காத்திருக்கிறது. 'சரி, காத்திருப்பதுதானே வம்பு' என்று, காத்திருக்காமல் நீக்கும் ஃபங்ஷனைப் போட்டுவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம்! மறுநாள் டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து கழற்றும்போது, மெமரியை விடுவித்த பிறகும் டைமர் அதைத் தொட்டு, கெர்னலே கவிழ்ந்தது. காத்திருக்கத்தான் வேண்டும், லாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. லாக்குக்குள் 'மூடுகிறோம்' என்று ஒரு கொடி (அடையாளக் குறி), லாக்கை விட்டு, பிறகு காத்திருந்து நீக்குவது. கொடியைப் பார்த்தால் யாரும் டைமரை மறுபடி கிளப்பக் கூடாது. 6.2 கெர்னல் முதல், நீக்கிய டைமரை யாரும் மறுபடி கிளப்ப முடியாதபடி மூடவே தனி ஃபங்ஷன் இருக்கிறது. அன்று எங்களிடம் அது இல்லை.

யார்டில் ஒரு மாதம் உறையவில்லை. ஆனால் என்னை உறுத்தியது வேறு. ஆறு வருஷம் பழைய பெட்டி ஏன் உறையவில்லை? அது ஒற்றை கோர். அதற்காகக் கட்டிய கெர்னலில் ஸ்பின்லாக் என்பது எதையும் பூட்டாது, கம்பைல் ஆகும்போதே காணாமல் போய்விடும். அதாவது, பூட்டே இல்லாமல் ஓடியிருக்கிறது. புரோகிராம் எடையைப் படித்த பிறகு, 'ஆட்டம் நின்றது' என்ற அடையாளத்தைப் படிக்கும் முன், நடுவில் டைமர் வந்திருந்தால்? வண்டி ஆடும்போது எடுத்த எடைக்கு, நின்றுவிட்டதாக முத்திரை விழுந்திருக்கும். ரசீதும் அச்சாகியிருக்கும். உறைந்து நின்றதாவது தெரிந்தது.

மேலாளரிடம் சொன்னேன். அவர் ரசீதுக் கட்டைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"அந்தப் பழைய பொட்டி," என்றார், "பின் கேட்ல இன்னும் ஓடிட்டுதான் இருக்கு சார்."