கார்ப்பெட்ல சாம்பார் கொட்டினா சோப்பை எடுக்காதீங்க

கார்ப்பெட்ல சாம்பார் கொட்டிடுச்சுன்னா நம்ம ஆளுங்க கை முதல்ல போறது சோப்புக்குத்தான், அதைத்தான் முதல்ல செய்யவே கூடாதுன்னு புதுசா இங்க வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். இங்கிலாந்துல வாடகைக்கு வீடு எடுத்தா ஹால், பெட்ரூம், மாடிப்படி வரைக்கும் சுவத்தோட சுவர் சேத்து அடிச்ச கார்ப்பெட்தான் பெரும்பாலும் இருக்கும், சில பழைய வீடுகள்ல பாத்ரூம்ல கூட போட்டு வச்சிருக்காங்க. ஊர்ல ஜமக்காளத்துல ஏதாவது கொட்டினா அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போய் ஊற வச்சு அலசிடலாம், இதை அப்படி எடுக்கவே முடியாது, உக்காந்த இடத்துலயேதான் வைத்தியம் பாக்கணும். அதுவும் தினமும் மஞ்சத்தூள் போட்டு சமைக்கிற வீட்டுல.

சோப்பு ஏன் வேணாம்னா, மஞ்சக்கறை மேல சோப்பு பட்டதும் அது செக்கச்செவேல்னு மாறும். வெள்ளைச் சட்டையில இதை பாக்காதவங்க இருக்க மாட்டாங்க. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணில துளி சுண்ணாம்பு போட்டதும் சிவப்பாகுதே, அதே சங்கதிதான். மஞ்சள்ல நிறம் குடுக்கிற பொருள் குர்குமின், அது காரத்தன்மை உள்ள எது பட்டாலும் சிவக்கும், சோப்புக் கட்டி, துணி துவைக்கிற பவுடர், சமையல் சோடா எல்லாமே அந்த வகைதான். சிவந்தது புதுக் கறை இல்ல, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணி பட்டா திரும்ப மஞ்சளாயிடும். ஆனா அந்த சிவப்பைப் பாத்ததும் ரத்தம் மாதிரி இருக்கேன்னு பதறிப்போய் பிரஷ்ஷை எடுத்து பரபரன்னு தேய்ப்பாங்க பாருங்க, அங்கதான் கார்ப்பெட் போகுது. கார்ப்பெட் நூல் முறுக்கி வச்ச நூல், தேய்ச்சா முறுக்கு பிரிஞ்சு பஞ்சு பஞ்சா ஆயிடும், கறை போனாலும் அந்த இடம் மட்டும் தனியா சொரசொரன்னு தெரியும், அதை திரும்ப சரி பண்ணவே முடியாது. தேய்க்கிறதுல மஞ்சளும் மேல இருந்து கீழ இறங்கி அடித்துணி வரைக்கும் போயிடும்.

சரி, கொட்டின உடனே என்னதான் பண்றதுன்னா, ஒரு ஸ்பூன் எடுத்து பருப்பு, காய், புளித்தண்ணி எல்லாத்தையும் வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு வழிச்சு எடுங்க, நடுவுல இருந்து வெளிய தள்ளினா உள்ளங்கை அளவு கறை தட்டு அளவுக்குப் பரவிடும். அப்புறம் கிச்சன் ரோலை மடிச்சு வச்சு மேல ஏறி நில்லுங்க, உங்க எடை மொத்தமும் அது மேல இருக்கட்டும், ஈரம் மேல ஏறி வரும். ஈரமாக ஆக வேற மடிப்பு வைங்க. கலர் டவல் வேணாம், சாயம் இறங்கும், நியூஸ் பேப்பரும் வேணாம், மை ஒட்டும். தாளிச்ச எண்ணெய் நிறைய இருந்தா சோள மாவோ டால்கம் பவுடரோ தூவி ஒரு அரை மணி நேரம் விட்டு வேக்குவம் போடுங்க (கடலை மாவு வேணாம், அதுவே மஞ்சள்). இந்த அஞ்சு நிமிஷ வேலையிலயே முக்கால்வாசி கறை போயிடும்னு நான் தைரியமா சொல்வேன், கடையில விக்கிற பாட்டில் எல்லாம் மிச்சம் இருக்கிற கால்வாசிக்குத்தான்.

மிச்ச மஞ்சளுக்கு வெறும் தண்ணி எத்தனை ஊத்தினாலும் பிரயோஜனம் கிடையாது, ஏன்னா குர்குமின் தண்ணில கிட்டத்தட்ட கரையவே கரையாது, எண்ணெய்லயும் ஆல்கஹால்லயும்தான் கரையும். பீட்ரூட் இதுக்கு நேர் எதிர், பாக்க பயங்கரமா இருக்கும் ஆனா தண்ணிலயே கரைஞ்சு வந்துடும். அதனால மஞ்சளுக்கு மருந்துக்கடையில கிடைக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி வச்சுக்கோங்க. அதை கார்ப்பெட் மேல நேரா ஊத்தாதீங்க, ஒரு வெள்ளைத் துணியில நனைச்சு கறை மேல ஒத்தி ஒத்தி எடுங்க, ஏன்னா கார்ப்பெட்டோட அடியில நூலையும் அடித்துணியையும் பிடிச்சிருக்கிற பசை இருக்கு, ஸ்பிரிட் அதுவரைக்கும் இறங்கினா பசை இளகிடும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல விளக்கு, அடுப்பு எதுவும் எரியக்கூடாது. துணி மஞ்சளாகும், இடத்தை மாத்தி மாத்தி ஒத்துங்க, துணியில மஞ்சள் ஏறாத நிலை வந்ததும் நிறுத்திடுங்க. அப்புறம் ஒரு கப் தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் (அது சோப்புக் கட்டி அளவுக்கு காரத்தன்மை இல்லாதது) சில சொட்டு மட்டும் விட்டு அதையும் ஒத்தி எடுத்து, எண்ணெய் பிசுக்கு போனதும் வெறும் தண்ணில ஒத்தி, கடைசியா தண்ணி கலந்த வெள்ளை வினிகர்ல ஒரு தடவை ஒத்தினா காரத்தன்மை போய் சிவப்பு நிக்காது. லிக்விடை நல்லா எடுத்துடணும், மிச்சம் இருந்தா அது பிசுபிசுன்னு தூசியை இழுத்து ஒரு மாசத்துல அந்த இடமே கறுப்பாயிடும், அப்போ கறை திரும்ப வந்துடுச்சுன்னு நினைப்பாங்க, வந்தது அழுக்கு.

இதுக்கும் மேல லேசா மஞ்சள் நிழல் மாதிரி தங்கும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம் போதும், பாட்டில்ல சிலதுல 10 வால்யூம்னு போட்டிருக்கும், அதுவும் இதுவும் ஒண்ணுதான். முதல்ல அலமாரிக்குள்ள, சோபாவுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்க, நிறம் வெளுத்தா அதை மறந்துடுங்க. வெளிர் நிற கார்ப்பெட்னா பெரும்பாலும் தாங்கும், கரு நீலம், மெரூன் மாதிரி அடர் நிறம்னா எனக்கு தைரியம் வராது.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெளிச்சம். எங்க பாட்டி சாம்பார் பட்ட வேட்டியை துவைச்சுட்டு மொட்டை மாடி வெயில்ல காயப் போடுவாங்க, சாயங்காலம் எடுக்கும்போது மஞ்சள் மங்கியிருக்கும், அது சும்மா காயறதுக்காக இல்ல. குர்குமின் வெளிச்சத்துல தானா உடைஞ்சு நிறம் இழக்கும், அதுவும் நீல நிற வெளிச்சத்தைத்தான் அது நல்லா உறிஞ்சும், அந்த வெளிச்சம் ஜன்னல் கண்ணாடி வழியாவே உள்ள வரும். அதனால கறை ஜன்னல் பக்கம்னா திரையை விலக்கி, மேல இருக்கிற மேசையை நகத்தி வச்சுட்டு விட்டுடுங்க. ஜூன், ஜூலைல நாளுக்கு நாள் மங்கறது கண்ணுக்கே தெரியும். டிசம்பர்ல இங்க வெளிச்சமே கிடைக்காது, அப்போ பொறுமையா வசந்தம் வரைக்கும் இருக்க வேண்டியதுதான். மஞ்சக்கறை பட்ட இடத்துல அழகா விரிப்பு போட்டு மூடி வைக்கிற பழக்கம் இருக்கே, அது அந்தக் கறையை பத்திரமா பாதுகாக்கிற வேலை.

இன்னொரு விஷயம், கறை என்னன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, கார்ப்பெட் என்ன நூல்னு தெரியணும், இதைத்தான் யாரும் கேக்கறதே இல்ல. கம்பளி, நைலான், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர், இந்த நாலுல ஒண்ணாவோ கலப்பாவோ இருக்கும், இங்க 80 சதவீதம் கம்பளி 20 சதவீதம் நைலான் கலந்தது ரொம்ப சகஜம். ஓரத்துல இருந்து ஒரே ஒரு இழை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கிளாஸ் தண்ணில போட்டு காத்துக் குமிழி போற மாதிரி நல்லா அமுக்கி விடுங்க, மிதந்தா பாலிப்ரொப்பிலீன், அது தண்ணியை விட லேசு, மத்ததெல்லாம் மூழ்கும். மூழ்கின இழையை காய வச்சு இடுக்கியில பிடிச்சு சிங்க் மேல வச்சு நெருப்பு காட்டினா, முடி கருகுற வாசனை வந்து சாம்பல் பொடிஞ்சா கம்பளி, உருகி கெட்டியா மணி மாதிரி ஆனா செயற்கை நூல். பாலிப்ரொப்பிலீனா இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, சாயம் அதுல அவ்வளவு சுலபமா ஏறாது, ஆனா எண்ணெயை விடாம பிடிச்சுக்கும், அதனால பிசுக்கை எடுக்கிறதுல கவனம் வைங்க. நைலான் சாயத்தை சட்டுனு இழுத்துக்கும், வேகமா செயல்படணும். கம்பளிதான் ரொம்ப ஜாக்கிரதை, அது நம்ம தலைமுடி மாதிரியே புரதம், குளோரின் பிளீச் பட்டா கரைஞ்சே போயிடும், சூடான சோடாத் தண்ணியும் ஆகாது, பயோன்னு போட்டிருக்கிற துணிப் பவுடர்கள்ல புரதத்தை சிதைக்கிற என்சைம் இருக்கும், அது கறையோட சேத்து கம்பளியையும் அரிக்கும்.

மருதாணி கூட அதனாலதான் கம்பளியில பட்டா போகாது. கையிலயும் முடியிலயும் பிடிக்கிற அதே பொருள் கம்பளியிலயும் அதே மாதிரிதான் பிடிக்கும். கல்யாண வீடு, வளைகாப்புன்னு கோன் எடுத்தீங்கன்னா கீழ ஒரு பழைய பெட்ஷீட் விரிச்சுடுங்க, இதுக்கு வேற மருந்து எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இந்த வினிகரையும் சமையல் சோடாவையும் சேத்து ஊத்தி நுரை வர்றதைக் காட்டுற வீடியோக்களைப் பாத்தா எனக்கு கோவமே வரும். ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சு கரியமில வாயு போயிடும், மிச்சம் இருக்கிறது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணி, அவ்வளவுதான். தனித்தனியா ரெண்டுக்கும் வேலை இருக்கு, சோடா நாத்தத்தை எடுக்கும், வினிகர் காரத்தை முறிக்கும். இதைவிட முக்கியம், பிளீச்சோட வினிகரை எந்தக் காரணத்துக்கும் சேக்காதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும், குழந்தைங்க இருக்கிற வீட்டுல விளையாட்டு இல்ல. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டில்ல கலக்கவும் கூடாது.

ஃபில்டர் காபி கொட்டினா அது மூணு கறை, டிக்காஷன் நிறம், பால் புரதம், பால் கொழுப்பு. காபி சூடா இருந்துச்சேன்னு சுடுதண்ணி ஊத்தாதீங்க, பால், முட்டை, ரத்தம் எல்லாம் சூட்டுல இறுகிப் பிடிச்சுக்கும், பச்சைத் தண்ணிதான். முதல்ல பச்சைத் தண்ணில ஒத்தி, அப்புறம் லிக்விட் கலந்த தண்ணி, கடைசியா டிக்காஷன் நிறத்துக்கு வினிகர் தண்ணி. குழந்தை ஒண்ணுக்குப் போனது, வாந்தி எடுத்தது இதுக்கெல்லாம் என்சைம் கிளீனர் நல்லா வேலை செய்யும், கம்பளி இல்லாத கார்ப்பெட்னா மட்டும், அதுவும் தெளிச்ச உடனே துடைச்சுடாம பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஈரமா விடணும், என்சைம் மெதுவாத்தான் வேலை பண்ணும். பூஜை விளக்கு எண்ணெய் சிந்தினா மாவு, லிக்விட், அவ்வளவுதான். மெழுகுவத்தி சொட்டினா ஐஸ் வச்சு இறுக வச்சு உடைச்சு எடுத்துட்டு மிச்சத்துக்கு மேல கிச்சன் ரோல் வச்சு இஸ்திரிப் பெட்டியை குறைஞ்ச சூட்டுல ஓட்டினா பேப்பர் மெழுகை உறிஞ்சுக்கும்.

எதை சுத்தம் பண்ணினாலும் ராத்திரி போன கறை காலையில திரும்ப நிக்கும், நிறைய பேர் இதுல மனசு விட்டுடறாங்க. அடியில இறங்கின கறை, மேல் பக்கம் காயக் காய ஈரத்தோட சேந்து நூல் வழியா நுனிக்கு ஏறி வருது, அதான் விஷயம். வேலை முடிஞ்சதும் அந்த இடத்துல வெள்ளை டவல் ரெண்டு மூணு மடிச்சு வச்சு மேல கனமான பாத்திரம் வச்சு (பாத்திரத்துக்கும் டவலுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோங்க, இல்லன்னா பாத்திரத் துரு ஒட்டும்) ராத்திரி முழுக்க விட்டா ஏறி வர்ற கறை கார்ப்பெட் நுனியில நிக்காம டவலுக்குப் போயிடும். இதே காரணத்தாலதான் வாடகைக்கு மெஷின் எடுத்து தண்ணியை ரொம்ப ஊத்தாதீங்கன்னு சொல்றது, அடித்துணி சணலா இருந்தா அதிக ஈரத்துல சணல்ல இருக்கிற பழுப்பு நிறம் மேல ஏறி இன்னொரு கறையாயிடும், அதோட பூஞ்சை வாசனை வேற.

இவ்வளவு விலாவாரியா எழுதறதுக்குக் காரணம், டெபாசிட் போயிடும்னு பயந்து ஹால் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு வாழற குடும்பங்களை எனக்குத் தெரியும். ரெண்டு வயசுப் பிள்ளை தட்டைத் தட்டி விட்டா முதுகுல அடி விழுது, ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மா சோபாவுல உக்காந்து சாப்பிடவே பயப்படறாங்க, ஒரு கரண்டி ரசத்துக்காக. அவ்வளவு பயம் வேணாம். 2007 ஏப்ரல்ல இருந்து வீட்டுக்காரர் உங்க டெபாசிட்டை அரசு அங்கீகரிச்ச திட்டத்துல பதிஞ்சு பாதுகாத்தே ஆகணும், இப்போ அதுக்கு 30 நாள்தான் கெடு, 2019 ஜூன்ல வந்த சட்டப்படி இங்கிலாந்துல காலி பண்ணும்போது கம்பெனியை வச்சுத்தான் கார்ப்பெட் க்ளீன் பண்ணணும்னு கட்டாயப்படுத்திக் காசு கேக்க முடியாது, நீங்க வந்தப்போ எவ்வளவு சுத்தமா இருந்துச்சோ அவ்வளவு சுத்தமா விட்டுட்டுப் போனா போதும். நடந்து நடந்து தேஞ்சதுக்கு உங்ககிட்ட பிடிக்கக் கூடாது. கறைக்குப் பிடிக்கலாம், ஆனா பழைய கார்ப்பெட்டுக்கு புதுசோட முழு விலையையும் உங்ககிட்ட வாங்க முடியாது, கார்ப்பெட்டோட வயசைக் கழிச்சுத்தான் கணக்கு போடுவாங்க. ஒத்துக்கலன்னா அந்தத் திட்டத்துலயே இலவசமா முறையிடலாம், பிடித்தம் சரின்னு நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான். அதுக்காக சாவி வாங்குற அன்னிக்கே ஒவ்வொரு ரூம் கார்ப்பெட்டையும் பகல் வெளிச்சத்துல, திரையை விலக்கிட்டு, ஓரம் மூலை எல்லாம் விடாம போட்டோ எடுத்து அன்னிக்கே ஏஜென்ட்டுக்கு மெயில் பண்ணிடுங்க.