கதை இடப் பக்கம், மண் வலப் பக்கம்: பண்டைய வரலாற்றுத் தாளை நான் படித்த விதம்

பழநி மலையில் தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறைத் திட்டு உண்டு. அங்கே சில கற்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லைப் போட்டிருப்பார்கள். சிறுவயதில் அந்த மூடுகல்மேல் ஏறி உட்கார்ந்தால் அப்பத்தா கீழே இருந்தே சத்தம் போடுவார்: "எறங்குய்யா, அது குள்ளருங்க வீடு. ராத்திரி வந்து கேப்பாங்க." பெருமாள்மலைப் பக்கம் போனால் இதையே குள்ளர் குகை என்பார்கள். சில ஊர்களில் பாண்டவர் வீடு. வனவாசத்தில் பஞ்ச பாண்டவர் தங்கியதாம்.

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தேன். பண்டைய நாகரிகங்கள் தாளில் முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை 72 வந்தது. இடையில் மாறியது நான் படித்த நேரம் அல்ல, நோட்டு எழுதிய விதம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தனியாக, வீட்டில் இருந்தபடி, வேலையும் பார்த்துக்கொண்டு இந்தத் தாளை எழுதுகிறவர்களுக்கு உதவும்.

முதல் முறை 'டிராய் அகழாய்வு' பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹெலன், அக்கிலீஸ், மரக்குதிரை என்று நான்கு பக்கம் எழுதினேன். சந்தோஷமாக வெளியே வந்தேன். மார்க் வந்தபோதுதான் புரிந்தது: அகழாய்வைக் கேட்டதற்கு நான் காவியத்தை எழுதியிருக்கிறேன். கீழே சமவெளியில் ஒரு பயிற்சி மையத்தில் வாங்கிய நோட்ஸும் அப்படித்தான் இருந்தது. கதையில் மட்டும் வரும் அட்லாண்டிஸும் தோண்டி எடுத்த மொகஞ்சதாரோவும் ஒரே பட்டியலில், ஒரே தொனியில். அதை மனப்பாடம் செய்ததால் எது சொல்லப்பட்டது, எது தோண்டி எடுக்கப்பட்டது என்ற வேறுபாடே என் தலையில் இல்லாமல் போயிற்று.

சரி, என்ன மாற்றினேன்? ஒரு பெரிய கோடு போட்ட நோட்டு. இடப் பக்கத்தில் மக்கள் சொல்லும் கதை. வலப் பக்கத்தில் மண்ணில் கிடைத்தது: எந்த இடம், யார் எந்த ஆண்டு தோண்டினார், என்ன பொருள், காலத்தை எப்படிக் கணித்தார்கள். நான்காவதை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாடம் எனக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

முதல் தாளில் வீட்டுக்கு மேலே இருக்கும் கல்லையே எழுதினேன். இடப் பக்கம் குள்ளரும் பாண்டவரும். வலப் பக்கத்தில், கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலேடும் நியூட்டனும் பழநி மலைக் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது என்ற செய்தி. பிறகு பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியிலேயே அகழாய்வு செய்தது. இவை வீடுகள் அல்ல, பெருங்கற்கால மக்களின் ஈமச்சின்னங்கள். இப்படிப்பட்ட இடங்களில் கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புப் பொருள்கள், மணிகள் கிடைக்கும். என் ஊர்ப் பெயரை ஆய்வு நூல்களில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் உலகம் திறந்தது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதே மாதிரிக் கல்லறைகள் உண்டு. அங்கே அவற்றை அரக்கர் படுக்கை, அரக்கர் கல்லறை என்கிற பொருளில் அழைக்கிறார்கள். இவ்வளவு பெரிய கல்லைத் தூக்க அரக்கனால்தான் முடியும் என்பது அவர்கள் கணக்கு. அயர்லாந்தில் தப்பியோடிய காதலர்களான டியர்மிட்டும் கிரானியாவும் இரவு தங்கிய படுக்கை என்று கற்திட்டைகளைக் காட்டுவார்கள். பாண்டவர் தங்கிய கதையின் அதே சாயல்! இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சை மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து கொண்டுவந்ததாக 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் கல்லுக்குள் இருந்த சின்ன இடத்தைப் பார்த்துக் குள்ளர் என்றார்கள். அவர்கள் மேலே கிடந்த பாறையைப் பார்த்து அரக்கர் என்றார்கள். கட்டியவர்களின் நினைவு அறுந்துபோன இடத்தில்தான் இந்தக் கதைகள் முளைத்திருக்கின்றன. கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், காங்வா கற்திட்டைகள் 2000-இல் உலக மரபுச் சின்னமாயின என்பதையும் இதே தாளில் சேர்த்தேன். ஒரு கல்லை வைத்து ஐந்து நாடுகள் நினைவில் நின்றன.

காலக் கணிப்பை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பெரும்பாலோர் 'கார்பன் 14' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை செடியும் விலங்கும் கார்பன் 14-ஐ உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்த பின் அது சிதைந்து குறையும். ஏறத்தாழ 5,730 ஆண்டில் பாதியாகும். 1940-களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. கல் உயிரோடு இருந்ததே இல்லை, அதனால் கல்லுக்கு இப்படி வயது சொல்ல முடியாது. கல்லறைக்குள் வைத்த உயிர்ப்பொருளுக்குத்தான் சொல்ல முடியும்.

இதற்கு எங்கள் மலையடிவாரத்திலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. பழநிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் கா. ராஜன் குழுவினர் 2009, 2010-இல் தோண்டினார்கள். ஒரு கல்லறையில் நான்கு கால் கொண்ட சாடி; அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். கூடவே 'வய்ர' என்று தமிழ் பிராமி எழுத்து கீறிய பிரிமனை (பானையைத் தாங்கும் வளையம்). நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. நெல் ஏன் நல்ல சான்று என்று யோசித்துப் பாருங்கள். மரத்துண்டு கிடைத்தால் அது நூறு வருடம் வளர்ந்த மரமாக இருக்கலாம், பழைய வீட்டின் உத்தரமாகவும் இருக்கலாம். நெல் அறுத்த வருடத்திலேயே உயிர் முடிந்துவிடுகிறது. இந்த ஒரு விளக்கத்தைத் தேர்வில் எழுதினேன். அப்பத்தாவிடம் குள்ளர்கள் யார் என்று கேட்டபோது, "நெல்லுச் சோறு தெரியாத காலத்து ஆளுக" என்றார். அதை இடப் பக்கத்திலும், 2 கிலோ நெல்லை வலப் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது டிராய். துருக்கியில் ஹிசார்லிக் மேட்டை 1870-இல் ஹைன்ரிக் ஷ்லீமன் தோண்டத் தொடங்கினார். அந்த இடத்தில் அவருக்கு முன்பே ஃபிராங்க் கால்வெர்ட் தோண்டியிருந்தார். அவர் பெயரை எழுதாமல் விடாதீர்கள். மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முக்கிய அடுக்குகள். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பி ஷ்லீமன் பெரிய அகழியாக வெட்டிக்கொண்டே போனார். 1873-இல் தங்க நகைகள் கிடைத்தன. காவியத்தில் வரும் டிராய் மன்னன் பிரியமின் புதையல் என்று அறிவித்தார். உண்மையில் அது இரண்டாம் அடுக்கு. டிராய்ப் போர் நடந்திருக்கலாம் என்று சொல்லப்படும் கி.மு. 1200-ஐ ஒட்டிய காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது. தேடிய நகரத்தின் அடுக்கை வெட்டி எறிந்துவிட்டு அதற்கும் கீழே போய்விட்டார். கதையை நம்பித் தேடியதால் இடம் கிடைத்தது, கதையையே அளவுகோலாக வைத்ததால் அடுக்கு தவறியது. இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமை. கையால் ஒரு மேடு வரைந்து, ஒன்பது கோடு போட்டு, புதையல் கிடைத்த அடுக்கைக் காட்டுங்கள். படத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

வெள்ளக் கதைகள் நமக்கு மனத்துக்கு நெருக்கமானவை என்பதால் அங்கே கவனம் வேண்டும். 1872-இல் ஜார்ஜ் ஸ்மித், மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) நினிவேயில் கிடைத்த களிமண் பலகையில், அந்நாட்டுப் பழங்காவியமான கில்கமேஷின் பெருவெள்ளப் பகுதியைப் படித்தார். அங்கேயே 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள நகரத்தைத் தோண்டிய லியோனார்ட் வூலி தடிமனான வண்டல் படிவைக் கண்டு இதுதான் அந்த வெள்ளம் என்றார். மற்ற மெசபடோமிய நகரங்களின் வெள்ளப் படிவுகளோ வேறு வேறு காலத்தவை. ஆகவே ஆற்று வெள்ளங்கள் பல; ஒரே பிரளயத்துக்கு அது சான்றாகவில்லை.

குமரிக்கண்டத்தையும் இதே முறையில் எழுதினேன், எழுதும்போது மனம் கனத்தாலும். கடல் கொண்ட பழைய மதுரையையும் கபாடபுரத்தையும் இறையனார் களவியல் உரை சொல்கிறது. அது இடப் பக்கம். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயர் 1864-இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் மடகாஸ்கர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க வைத்தது. தமிழ் நூல்களை வைத்து வந்ததல்ல. கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைபெற்ற பின் அந்த மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. அதே நேரம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது, இலங்கையும் தமிழ்நாடும் நிலத்தால் இணைந்திருந்தன. இவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக எழுதினால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். பழைய உரையாசிரியரையும் நாம் அவமதித்ததாகாது.

எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைச் சாபம் பற்றிக் கேட்டால் இரண்டு வரி போதும்: 1922 நவம்பரில் கல்லறை கண்டுபிடிப்பு, 1923 ஏப்ரலில் அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு மரணம், ஆனால் கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார்.

ஆண்டுகளை நான் தனியாக மனப்பாடம் செய்யவில்லை. கொத்தாகப் பிடித்தேன். 1922-ஐ எடுத்தால் துட்டன்காமன், 'ஊர்' நகர அகழாய்வின் தொடக்கம், மொகஞ்சதாரோவில் ஆர்.டி. பானர்ஜி. சரியாக நூறு வருடம் பின்னால் போனால் 1822, எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் வாசித்தது. 1924-இல் ஜான் மார்ஷல் சிந்து நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில்தான் கே.வி. சுப்பிரமணிய அய்யர் நம் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று காட்டினார். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்தேன்.

புத்தகம் என்று பார்த்தால், அரசின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் உள்ள பண்டைய நாகரிகங்கள் பாடத்தை முதலில் முழுதாகப் படியுங்கள். எம்.ஏ. படிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. சட்டகம் அங்கே கிடைக்கும், பெரிய நூல்கள் அதில் வந்து பொருந்தும். மார்கழி, தையில் எங்களுக்குக் காப்பிப் பழம் பறிப்பு. பகலில் உட்கார முடியாது. மூடுபனியில் மின்சாரமும் நின்று நின்று வரும். அதனால் விடிகாலையில் ஒரு தாள் மட்டும், அதன் இரு பக்கமும் எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். நான்கு மாதத்தில் நோட்டு நிரம்பியது. பிறகு முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு, 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து வருவதால், இதே நோட்டின் வலப் பக்கங்களை மட்டும் திருப்பிப் பார்த்தேன்.

கற்திட்டைகளைப் பார்க்க வருகிறவர்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லுக்கு அருகில் கிடக்கும் ஓட்டுச் சில்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் ஓடு.

வலப் பக்கத்துக்கான விவரம் எப்போதும் நூலகத்தில் இருக்கும். இடப் பக்கத்துக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். எங்கள் அப்பத்தா போன தையில் தவறிவிட்டார். அவர் சொன்னது என் நோட்டில் இரண்டு பக்கம்தான் இருக்கிறது.